எதிராளியின் இடுப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது?

தரையில் கட்டிப்பிடித்துப் பூட்டுப் போடும் சண்டைக் கலையான பிரேசிலிய ஜியு-ஜிட்சுவை முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் சட்டென்று பிடிபடாது. ஒருவர் மல்லாந்து படுத்திருக்கிறார், இன்னொருவர் அவருக்கு முன்னால் குனிந்து நிற்கிறார். நிற்பவர்தானே ஜெயிக்கிறார் என்று தோன்றும். ஆனால் படுத்திருப்பவரின் கால்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும்வரை ஆட்டம் இரண்டு பேருக்கும் பொதுதான். அந்தக் கால்களால் அவர் தள்ளலாம், கொக்கி போடலாம், மேலே இருப்பவரை அப்படியே கவிழ்க்கலாம், கழுத்தையோ கையையோ பூட்டலாம். கால்களால் போடும் இந்தத் தடுப்புக்குத்தான் கார்ட் என்று பெயர். அதைத் தாண்டிப் பக்கவாட்டில் போய், நெஞ்சோடு நெஞ்சு வைத்து எதிராளியை மேட் எனும் தரைவிரிப்பில் அழுத்துவது கார்ட் பாஸ்.

உலகப் போட்டிகளை நடத்தும் ஐபிஜேஜேஎஃப் அமைப்பின் விதிகளில் இதற்கு 3 புள்ளி. நின்ற நிலையிலிருந்து வீழ்த்தினால் 2, கீழிருந்து கவிழ்த்தால் 2. கார்டைத் தாண்டினால் மட்டும் போதாது, தாண்டிய இடத்தில் 3 வினாடி எதிராளியை அடக்கி வைத்திருக்க வேண்டும். அதற்குள் அவர் குப்புறப் புரண்டு முட்டிபோட்டுச் சுருண்டுகொண்டால் 3 புள்ளி போச்சு, புள்ளிகள் சமமானால் மட்டும் கணக்கில் வரும் அட்வான்டேஜ்தான் மிஞ்சும். அந்த 3 புள்ளிக்குப் பின்னால் இருக்கும் பாடுபடலைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் கூட்டியே கொடுத்திருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதைக் கற்றுக்கொடுக்கும் விதத்தில்தான் எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து உண்டு. பெரும்பாலான வகுப்புகளில் கார்ட் பாஸ் ஒரு பெயர்ப்பட்டியலாக வருகிறது. இந்த வாரம் டொரியாண்டோ, அடுத்த வாரம் நீ கட், அப்புறம் லெக் டிராக், ஓவர்-அண்டர், டபுள் அண்டர், லாங் ஸ்டெப். ஒவ்வொன்றுக்கும் பிடி எங்கே, கால் எங்கே, தலை எங்கே என்று படிப்படியாக மனப்பாடம். படி எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் கீழே இருப்பவர் படி பார்த்துப் படுத்திருக்க மாட்டார், இடுப்பை அசைப்பார். அசைந்ததும் மனப்பாடம் பண்ணியது கலைந்துவிடும். அந்தப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது திசை. அதை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டால் பெயர்கள் பிறகு மெதுவாக வந்து சேரும் என்பது என் உறுதியான எண்ணம்.

திசையைப் பற்றிய சிந்தனை இந்தக் கலையின் வேரிலேயே இருக்கிறது. ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் கோடோகன் பள்ளியைத் தொடங்கி ஜூடோவை வகுத்தபோது, எதிராளியைத் தூக்கி எறிவதற்கு முன் அவரது சமநிலையைக் குலைக்க வேண்டும் என்றார். முன், பின், இடம், வலம், அவற்றுக்கு நடுவே நான்கு மூலைகள் என எட்டுத் திசைகளில் அதைக் குலைக்கலாம். கோடோகனில் பயின்ற மிட்சுயோ மயேதா 1914இல் பிரேசிலுக்குப் போனார், பிறகு அமேசான் முகத்துவாரத்தில் இருக்கும் பெலேம் நகரில் தங்கிவிட்டார். அவர் வழியாக அந்த வித்தை கிரேசி குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அது தரையில் இறங்கி, பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்ற வேறு உருவம் எடுத்தது.

இங்கேதான் எனக்குப் பிடித்த கேள்வி வருகிறது. நிற்பவரை எட்டுத் திசையிலும் விழவைக்கலாம், சரி. படுத்திருப்பவர் ஏற்கெனவே விழுந்துதானே கிடக்கிறார்? முதுகு முழுக்க மேட்டில் இருக்கிறது. அவரை இனி எந்தத் திசையில் விழவைப்பது?

வலுவான கார்ட் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். கீழே இருப்பவரின் இரண்டு முழங்கால்களும் மேலே இருப்பவரின் நெஞ்சைப் பார்க்கின்றன. இடுப்பும் அவரைப் பார்க்கிறது. தோள்கள் லேசாக மேட்டை விட்டு எழும்பி அதே பக்கம் திரும்பியிருக்கின்றன. முழங்கைகள் முழங்கால்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. முழங்கால், இடுப்பு, தோள் மூன்றும் ஒரே பக்கம் பார்க்கும் வரை அந்தக் கால்களில் முழு பலம் இருக்கும். நாம் குலைக்க வேண்டியது இந்த ஒழுங்கைத்தான். மூன்றில் ஒன்றை வேறு பக்கம் பார்க்கவைத்துவிட்டால் போதும்.

நம்பாதவர்கள் வீட்டில் பாயில் படுத்தே செய்து பார்க்கலாம். மல்லாந்து படுத்து, இரண்டு முழங்கால்களையும் ஒட்டி மடக்கி, இடப்பக்கம் தரையில் படும்படி சாய்த்துவிடுங்கள். தோள்கள் இரண்டும் தரையிலேயே இருக்கட்டும். இப்போது உங்கள் வலது விலாவுக்குப் பக்கத்தில் ஒருவரை மண்டியிட்டு உட்காரச் சொல்லுங்கள். காலால் அவரைத் தள்ளப் பாருங்கள். முடியாது. தொடையில் எவ்வளவு பலம் இருந்தாலும் அது அவர் இருக்கும் இடத்துக்கு வந்து சேராது. முதலில் இடுப்பை அவர் பக்கம் திருப்பியாக வேண்டும். அவர் தன் இடுப்பை உங்கள் இடுப்போடு ஒட்டிவைத்து அந்தத் திருப்பத்தை அடைத்துவிட்டால் கார்ட் போய்விட்டது என்று அர்த்தம்.

ஆக, முழங்கால்கள் பார்க்காத பக்கம் போக வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. செய்யும்போது ஒரு கணக்கு குறுக்கே நிற்கும். கீழே இருப்பவர் வட்டத்தின் நடுவில் இருக்கிறார், நான் வட்டத்தின் ஓரத்தில் ஓடுகிறேன். நான் மூன்று எட்டு வைத்துச் சுற்றும் தூரத்தை அவர் இடுப்பை ஒரு சாண் நகர்த்தி ஈடுகட்டிவிடுவார். ஒரே பக்கமாக எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் என் மூச்சுதான் முதலில் வாங்கும். புதியவர்கள் பலர் ஒரே பக்கம் சுற்றிச் சுற்றி ஓய்ந்துபோவதற்குக் காரணம் பலக்குறைவோ வேகக்குறைவோ இல்லை, இந்தக் கணக்குதான்.

இதை உடைக்க இரண்டு வழி. ஒன்று, நடுவில் இருப்பவரின் சுழற்சியை மந்தப்படுத்துவது. அவருடைய முழங்காலையோ கணுக்காலையோ மேட்டோடு அழுத்திவிட்டு அப்புறம் சுற்றுவது. இன்னொன்று, அவர் சுழன்று வரும்போதே நாம் திசையை மாற்றிவிடுவது. சுழலத் தொடங்கிய இடுப்பு நின்று, எதிர்ப்பக்கம் திரும்ப ஒரு கணம் ஆகும். அந்த ஒரு கணத்தில்தான் பாஸ் இருக்கிறது. கபடியில் நல்ல ரெய்டர் இடது கார்னர் மேல் பாய்வதுபோல் காட்டி, மொத்த சங்கிலியும் அந்தப் பக்கம் எடையைச் சாய்த்ததும் வலப்பக்கம் கை நீட்டுவாரே, கிட்டத்தட்ட அதே வேலை. ஒரு வித்தியாசம், இங்கே முதல் பாய்ச்சல் வெறும் பாசாங்காக இருந்தால் எடுபடாது. எதிராளி அசையாமல் இருந்தால் அந்தப் பக்கமே கடந்துபோய்விடும் அளவுக்கு அது நிஜமாக இருக்க வேண்டும். அப்போதுதான் அவர் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் வரும்.

இதை மிக அழகாகச் செய்தவர் என்று நான் நினைப்பது லியாண்ட்ரோ லோ. சாவோ பாலோக்காரர், ஐந்து எடைப்பிரிவுகளில் எட்டு உலகப் பட்டங்கள் வென்றவர். எடை கூடக்கூட வீரர்கள் ஆட்டத்தை மாற்றிக்கொள்வார்கள், அழுத்திப் பிடிக்கும் ஆட்டத்துக்குப் போவார்கள். இவர் ஒவ்வொரு பிரிவாக ஏறிப்போனபோதும் அதே டொரியாண்டோவும் நீ கட்டும்தான். 2022 ஆகஸ்டில் தன் சொந்த ஊரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 33. இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது. அவருடைய பழைய ஆட்டங்களை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுண்டு. பெரும்பாலும் அவரைப் பார்ப்பதில்லை, கீழே இருப்பவரின் இடுப்பைத்தான் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் லோ என்ன செய்கிறார் என்பது இன்னும் தெளிவாகத் தெரியும்.

டொரியாண்டோவும் நீ கட்டும் சேரும் அந்த இணைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மேலே இருப்பவர் எதிராளியின் இரண்டு முழங்காலுக்கருகிலும் கால்சட்டைத் துணியைப் பிடிக்கிறார். கை நேராக, தோள் எடை கையில் இறங்கியிருக்கிறது. இரண்டு கால்களையும் தன் இடப்பக்கம் தள்ளிவிட்டு, வலப்பக்கம் எதிராளியின் இடுப்புக்கு நேராக ஓர் எட்டு வைக்கிறார். இதுதான் டொரியாண்டோ. இந்த எட்டு எங்கே விழுகிறது என்பது முக்கியம். வட்டமடித்துத் தலைப்பக்கம் போனால் தூரம் கூடும், எதிராளிக்கு நேரம் கிடைக்கும். இடுப்பருகே நெருக்கமாக விழுந்தால்தான் மிரட்டல் நிஜமாகிறது. தோள் இறங்கி எதிராளியின் இடுப்பில் படப்போகிறது.

எதிராளி சும்மா இருக்க மாட்டார். கையை நீட்டித் தோளைத் தடுப்பார், அதைத்தான் ஃப்ரேம் என்கிறோம். இடுப்பைப் பின்னுக்கு இழுத்து நம் பக்கம் திருப்பி, கால்களை மறுபடி நடுவுக்குக் கொண்டுவருவார். நன்றாகக் கவனித்தால், கொண்டுவரும்போது இரண்டு முழங்கால்களும் சேர்ந்து வருவதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி திறக்கும். லோவின் முழங்கால் அந்த இடைவெளியில் இறங்கி, எதிராளியின் தொடைக்குக் குறுக்கே சாய்வாக எதிர்ப்பக்கம் வெட்டிக்கொண்டு போகும், இதுதான் நீ கட். கை எதிராளியின் அக்குளுக்கு அடியில் புகுந்து அண்டர்ஹுக் பிடிக்கும். வலம் போக வந்தவர் இடப்பக்கம் கடந்துவிட்டார். அந்த வாசலை அவருக்குத் திறந்துவிட்டது எதிராளியின் தற்காப்பேதான்.

எதிராளி நீ கட்டையும் தடுத்து, மறுபடி கால்களை மூடினால்? மறுபடி டொரியாண்டோ. வலம், இடம், வலம். ஒவ்வொரு திருப்பத்திலும் எதிராளி ஒரு விரற்கடை பின்தங்குகிறார். அந்தப் பின்தங்கல்கள் சேர்ந்துகொண்டே போகும், கடைசியில் முழங்கைக்கும் முழங்காலுக்கும் நடுவே ஒரு தலை நுழையும் அளவுக்கு இடம் உண்டாகிவிடும்.

எங்கள் வகுப்பில் ஒல்லியான தம்பி ஒருவன் புதிதாகச் சேர்ந்திருந்தான். தன்னைவிடக் கனமான ஒருவரின் காலோடு மல்லுக்கட்டி வியர்வையில் குளித்துவிட்டு வந்து நின்றான்.

"அண்ணா, எவ்வளவு தள்ளினாலும் அவர் கால் திரும்பித் திரும்பி வந்துடுது."

"தள்ளுறத விடு. அவர் முட்டி ரெண்டும் இப்ப எங்க பாக்குது?"

"சுவர் பக்கம்."

"அப்ப உனக்கு வழி எங்க இருக்கு?"

சுவருக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்தான். கனமானவர் இடுப்பைத் திருப்பினார். "இப்ப எங்க பாக்குது?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை, நகர்ந்துவிட்டான். மூன்றாவது திருப்பத்தில் அவன் நெஞ்சு அவர் நெஞ்சின்மேல் இருந்தது. அன்று அவனுக்கு நான் ஒரு பாஸின் பெயரையும் சொல்லவில்லை.

அதிலிருந்து புதியவர்களுக்கு இதை ஒரு விளையாட்டாகவே வைக்கிறேன். கீழே இருப்பவர் கையால் எதையும் பிடிக்கக் கூடாது, இடுப்பும் காலும் மட்டும். மேலே இருப்பவர் உள்ளங்கையை முழங்கால்மேல் வைக்கலாம், துணியைப் பிடிக்கக் கூடாது. மேலே இருப்பவரின் இடுப்பு கீழே இருப்பவரின் இடுப்புக்குப் பக்கவாட்டில் வந்து ஒட்டினால் ஆட்டம் முடிந்தது, மறுபடி தொடங்கலாம். இரண்டு நிமிடச் சுற்றுகள். பிடி இல்லாததால் முரட்டு பலம் வேலை செய்யாது, கண் தானாக இடுப்புக்குப் போகும். கீழே இருப்பவருக்கும் இது நல்ல பயிற்சி. காலை வீசுவதைவிட இடுப்பைத் திருப்புவது எவ்வளவு மலிவான தற்காப்பு என்று அவரும் தெரிந்துகொள்வார்.

லெக் டிராக்கில் இதே விதி ஒரே அசைவில் தெரியும். ரஃபேல் மென்டெஸ், கில்ஹெர்மே மென்டெஸ் என்ற பிரேசிலியச் சகோதரர்கள் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை உலகம் முழுக்கப் பரப்பினார்கள். ரஃபேல் மட்டுமே ஆறு முறை உலக சாம்பியன். எதிராளியின் ஒரு காலை இழுத்து, நம் உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய், எதிர்ப்பக்க இடுப்பில் செருகிவைக்கிறோம். அவருடைய முழங்கால்கள் ஒரு பக்கம் பார்க்கின்றன. காலரைப் பிடித்துத் தோளை மேட்டில் அழுத்தியதும், தோள்கள் கூரையைப் பார்க்கின்றன. பாயில் படுத்துச் செய்து பார்க்கச் சொன்னேனே, அதே முறுக்கம். முழங்கால் போன பக்கமே முழுசாகத் திரும்பினால் முதுகைக் கொடுக்கிறார், பின்னாலிருந்து இரண்டு கால் கொக்கியும் போட்டுப் பிடித்துவிட்டால் 4 புள்ளி. நம் பக்கம் திரும்பலாம் என்றால் நம் இடுப்பு அடைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு பக்கமும் நமக்கே லாபமாகும் இந்த மாதிரி நிலைகள் ஜியு-ஜிட்சுவில் அபூர்வம். அதனாலேயே எனக்கு லெக் டிராக்கின்மேல் தனிப் பிரியம்.

இதெல்லாம் வேகமாக ஆடுபவர்களுக்கு, கனமானவர்களுக்கும் மெதுவானவர்களுக்கும் உதவாது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெர்னார்டோ ஃபாரியாவைப் பாருங்கள். 2015 உலகப் போட்டியில் தன் எடைப்பிரிவிலும், எடை வரம்பில்லாத அப்சல்யூட் பிரிவிலும் தங்கம் வாங்கியவர். அவருடைய ஆயுதம் ஓவர்-அண்டர். ஒரு கை எதிராளியின் ஒரு காலுக்கு மேலே, இன்னொரு கை மறு காலுக்கு அடியே, தோள் வயிற்றின்மேல். துள்ளல் இல்லை, பாய்ச்சல் இல்லை. அவர் பயன்படுத்தும் முதல் திசை கீழ்நோக்கி. இடுப்பு மேட்டோடு ஒட்டிப்போனபிறகு அதனால் எந்தப் பக்கமும் திரும்ப முடிவதில்லை. வட்டத்தின் நடுப்புள்ளியை ஆணி அடித்தாற்போல் நிறுத்திவிட்டு, ஓரத்தில் அவர் சாவகாசமாக நடந்துபோகிறார். கி எனும் தடித்த பயிற்சி உடை இல்லாத ஆட்டத்தில், பிடிக்கத் துணி கிடையாது. அங்கே இரண்டு கைகளையும் எதிராளியின் இடுப்பைச் சுற்றிக் கோத்துக்கொள்ளும் பாடி லாக் இதே வேலையைச் செய்கிறது. அமெரிக்க வீரர் கார்டன் ரயன் அதை எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்பது இந்தத் தலைமுறைக்குத் தெரியும்.

முன்னோக்கி அழுத்துவதும் ஒரு திசைதான். எதிராளியின் தொடைகளை மடக்கி அவருடைய முகத்தை நோக்கித் தள்ளினால் இடுப்பு மேட்டை விட்டு எழும்பி எடை முழுக்கத் தோளுக்குப் போய்விடும். அப்போது காலால் தள்ள அவருக்கு ஊன்ற இடமிருக்காது. இதில் ஓர் எச்சரிக்கை. கழுத்து வளையும் நிலை இது, பயிற்சியில் நிதானமாகச் செய்யுங்கள், வயதானவர்கள்மேலும் புதியவர்கள்மேலும் வேகம் காட்டாதீர்கள்.

பலரும் கண்டுகொள்ளாத திசை பின்னோக்கி. முன்னேறுவதே பாஸ் என்று மனசில் பதிந்துவிடுவதால், பின்வாங்குவது தோற்பதுபோல் படுகிறது. ஆனால் நீ கட் பாதியில் நிற்கும்போது எதிராளி அண்டர்ஹுக் பிடித்து நம்மை நோக்கி எழும்பினால், முன்னால் தள்ளுவது அவருக்குத்தான் உதவி. அவர் எழும்பி வரும் அதே வேகத்தில் நம் இடுப்பைத் திருப்பி, வெளியே இருக்கும் காலைப் பின்னால் நீளமாக வீசினால், அவர் கால்களால் மூடப்பார்த்த இடத்தில் நம் உடம்பு இல்லை, அவருக்கு மறுபக்கம் போய்விட்டது. இதற்குத்தான் லாங் ஸ்டெப் என்று பெயர். எதிராளி நம்மைத் தள்ளினால் அதோடு போவது, இழுத்தால் அதோடு நுழைவது. கானோ காலத்து ஜூடோ மாணவருக்கு இது புதிதாக இருக்காது.

இடுப்பைத் தாண்டியபிறகும் திசையின் வேலை முடிவதில்லை. அங்கே தலை வருகிறது. நம் தோளை எதிராளியின் தாடையில் வைத்து, முகத்தை எதிர்ப்பக்கம் பார்க்கவைப்பது கிராஸ்ஃபேஸ். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்வரை உடம்பு நம் பக்கம் திரும்பிவருவது மிகக் கடினம். அந்த 3 வினாடியைச் சம்பாதித்துக் கொடுப்பது பெரும்பாலும் இந்தத் தோள்தான். இடுப்பைத் தாண்டியதும் பாஸ் முடிந்ததாக நினைத்து நெஞ்சைத் தளர்த்துபவர்கள் முழங்கால் நுழைய இடம் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கு எல்லாவற்றையும் குழப்பக்கூடியவர்கள் தலைகீழாகச் சுழல்பவர்கள். தோளில் உருண்டு, கால்களைத் தலைக்கு மேலே கொண்டுபோய், நாம் இடப்பக்கம் தாண்டினால் அடியிலேயே சுற்றி மறுபடி நம் எதிரில் வந்துவிடுவார்கள். அவர்களிடம் இடம், வலம் என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆடினால் தொடர்ந்து துரத்த வேண்டியதுதான். அவர்கள் சுழல வேண்டுமானால் இடுப்பு மேட்டை விட்டு எழும்பித்தான் ஆக வேண்டும். எழும்பிய அந்தக் கணத்தில் இரண்டு தொடைகளின் பின்புறத்தையும் மேலிருந்து அழுத்தி, எடையை அவர்கள் தோளிலேயே நிறுத்திவிட்டால் சுழற்சி பாதியில் மாட்டிக்கொள்ளும். அங்கிருந்து முழங்கால்கள் எந்தப் பக்கம் சரிகின்றனவோ, அதற்கு எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பிக்கலாம். கொஞ்ச நாளாக நான் மேட்டில் பழகிக்கொண்டிருப்பது இதைத்தான். கைகளை ஒரு நொடி முன்னதாக வைத்தால் அவர்கள் சுழலாமல் கால்களை விரித்துக் கார்டைத் திரும்பப் போட்டுவிடுகிறார்கள். ஒரு நொடி பிந்தினால் என் காலுக்கு அடியில் போய்விடுகிறார்கள். இடுப்பு எழும்புவதற்குச் சற்று முன்னால் அவர்களுடைய தாடை நெஞ்சோடு ஒட்டும், ஒரு தோள் மேட்டில் இறங்கும். இப்போது என் கண் முதலில் அந்தத் தோளுக்குப் போகிறது.